தாளத்தில் சேராத நடுக்கம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம், கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் மத்தியானம். இடம், கோப்பாயில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள முருகன் கோவில். அன்றைக்கு ஒரு கால்மணித்தியாலம் ஊர்ச்சனம் என்னைத் தெய்வம் என்று நினைத்துக் கும்பிட்டது. சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், நானும் இப்போது சிரிக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஒருவர் தன் தவிலைக் கழற்றி வைத்துவிட்டு எழும்பி வராமல் விட்டிருந்தால், இதை எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு வயது இருபத்தேழு. வீட்டுக் கூரைகளில் சோலர் பொருத்திக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கூரையை அளப்பது, வரைபடம் கீறுவது, வேலை முடிந்ததும் மேலே ஏறி ஒவ்வொரு இணைப்பையும் மீற்றரால் சோதிப்பது எல்லாம் என் வேலை. எதையும் பட்டியல் போடாமல் எனக்கு நிம்மதி வராது. எங்கள் நிறுவனத்தில் கூரை ஏறும் ஒவ்வொருவரும் காலையில் சரி போட வேண்டிய பாதுகாப்புப் பட்டியலை எழுதியதும் நான்தான். அதில் ஏழாவது வரி: “தூக்கம் வரவைக்கும் மருந்து எதுவும் எடுக்கவில்லை.” பதினைந்து மாதமாக அந்த வரிக்கு நேரே தினமும் நான் பொய்ச் சரி போட்டுக்கொண்டிருந்தேன்.

அது தொடங்கியது ஒரு பஸ்ஸில். மானிப்பாயில் ஒரு வீட்டுக் கூரையை அளந்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். காரணமே இல்லாமல் நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. மூச்சு தொண்டைக்கு மேலேயே நின்றது. விரல்கள் விறைத்தன. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று உறுதியாக நம்பினேன். நடுவழியில் இறங்கி ஒரு மதிலோடு சாய்ந்து நின்றேன், இருபது நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த கிழமை மறுபடியும். அதற்கடுத்த கிழமை கூரையில் நிற்கும்போது! தனியார் டொக்டர் ஒருவரிடம் போனேன். இதயத்தில் ஒரு பழுதும் இல்லை, இது பதற்றம் என்றார். இரண்டு மருந்து எழுதினார். ஒன்று மெல்ல மெல்ல வேலை செய்யும், மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். மற்றது உடனே அமர்த்தும், ஆனால் இரண்டு கிழமைக்கு மட்டும். இரண்டு கிழமையில் திரும்பி வரச் சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? படித்த பிள்ளை அல்லவா, நானே முடிவெடுத்தேன். மெல்ல வேலை செய்யும் மருந்து ஒன்றும் செய்யவில்லை என்று பத்தாம் நாள் விட்டுவிட்டேன். உடனே வேலை செய்ததை வைத்துக்கொண்டேன். டொக்டரிடம் திரும்பிப் போகவில்லை. அவர் எழுதித் தந்த துண்டு பையில் கிடந்து கிழியத் தொடங்கியதால் அதை லாமினேட் பண்ணினேன். ஆம், மருந்துத் துண்டை லாமினேட் பண்ணிய ஒரே ஆள் யாழ்ப்பாணத்தில் நானாகத்தான் இருப்பேன்! அதைக் கொண்டு கோப்பாயில் ஒரு பாமசி, மானிப்பாயில் ஒன்று, யாழ்ப்பாண ரவுணில் இரண்டு என்று மாறி மாறிப் போனேன். ஒரே இடத்தில் அடிக்கடி போனால் கேள்வி கேட்பார்களே. எந்த நாள் எந்தப் பாமசி, எத்தனை குளிசை, கையில் மிச்சம் எத்தனை என்று தொலைபேசியில் ஒரு எக்செல் அட்டவணை இருந்தது. அரைக் குளிசை ஒன்றானது, ஒன்று ஒன்றரையானது. அட்டவணை இருந்ததால் எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நம்பினேன். அம்மாவிடம் இரும்புச்சத்துக் குளிசை என்று சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் குளிசை முடிந்துவிட்டது. அடை மழை, பாமசி பூட்டு. பின்னேரத்துக்குள் எனக்கு வந்த எரிச்சலையும் தவிப்பையும் கண்டு நானே பயந்துவிட்டேன். பதற்றத்துக்காகக் குளிசை எடுத்த காலம் போய், குளிசை இல்லை என்பதே பதற்றமாகிவிட்டது. இதை விட வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அது நல்ல முடிவு. விடுவதற்கு நான் தேர்ந்தெடுத்த வழிதான் பிழை.

கந்தசஷ்டி வந்தது. அம்மா வருஷம் தவறாமல் பிடிக்கிறவர். நானும் அந்த வருஷம் பிடிக்கிறேன் என்றதும் அவருக்குப் பெரிய சந்தோஷம். கோவிலில் சங்கற்பம் செய்து விரலில் தர்ப்பை போட்டார்கள். மற்றவர்கள் சோற்றை விட்டார்கள், நான் மனதுக்குள் குளிசையையும் சேர்த்து விட்டேன். எங்கள் பக்கத்தில் விரதம் என்று வந்துவிட்டால் இறைச்சியை, மீனை, கோபத்தை, சண்டையை எல்லாம் ஆறு நாளுக்கு மூட்டை கட்டி வைக்கிறோமே. ஒரு சின்னக் குளிசையை வைக்க முடியாதா? ஆறு நாள் விட்டால் ஏழாம் நாள் தேவைப்படாது. எவ்வளவு அழகான திட்டம்!

முதல் நாள் பறந்தேன். இரண்டாம் நாள் நித்திரை இல்லை. மூன்றாம் நாள் மீற்றரின் முனையை இணைப்பில் வைக்க முடியாமல் கை ஆடியது, விரதக் களைப்பு என்று சொல்லிக் கூரையிலிருந்து இறங்கிவிட்டேன். நான்காம் நாள் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கோவில் மணி தலைக்குள் அடித்தது, சட்டை வியர்வையில் ஊறியது. “பாலும் பழமுமாவது ஒழுங்காச் சாப்பிடன் பிள்ளை” என்று அம்மா கெஞ்சினார். என்ன நடக்கிறது என்பதை நான் அரைகுறையாக உணர்ந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் விரதத்தை இடையில் முறிக்கலாமா? இன்னும் இரண்டு நாள்தானே என்று பல்லைக் கடித்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானப் பூசை. மழை விட்டு மணலெல்லாம் ஈரம். பெண்கள் பக்கத்தில் தூணோடு நின்றேன். தீபம் காட்டும் நேரம் தவில் உச்சத்துக்குப் போகும் இல்லையா, அந்த நேரத்தில்தான் என் கைகள் முழங்கை வரை நடுங்கத் தொடங்கின. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தோள் நடுங்கியது. தாடை அடித்துக்கொண்டது.

“உரு வருது! பிள்ளைக்கு உரு வருது!” என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். சாமி வந்து ஆடுவதை எங்கள் ஊரில் உரு என்போம். என்னைச் சுற்றி வட்டமாக இடம் விட்டார்கள். ஒருவர் என் கொண்டையை அவிழ்த்துவிட்டார். இன்னொருவர் நெற்றி நிறைய விபூதி பூசினார், பாதி கண்ணுக்குள் போனது. அம்மா கை கூப்பி அழுதுகொண்டு நிற்கிறார். என் சொந்த அம்மா என்னைக் கும்பிடுகிறார்! இல்லை அம்மா, இது முருகன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் பல் கிடுகிடு என்றது.

பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா முன்னால் வந்து காலில் விழுந்தார். எங்கள் அடுத்த ஒழுங்கையில் இருப்பவர், முகம் மட்டும் தெரியும்.

“முருகா, என்ரை மூத்தவனுக்குக் கனடா விசா வருமோ? மூண்டு தரம் திருப்பிப் போட்டாங்கள்.”

அவர் எழும்பிப் போனால் போதும் என்றிருந்தது. “வரும்” என்றேன்.

“எப்ப வரும் முருகா?”

முருகனைக் கூட விடமாட்டார்கள், திகதி வேண்டும்! “தைக்குள்ளை” என்று நான் சொன்னதாக அம்மா பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. பின்னால் இருந்து யாரோ, “சின்னவளின்ரை கலியாணத்தையும் ஒருக்காக் கேளனடி” என்றது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தவில் விநோதமாக ஒலித்தது. வேகமாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று மெதுவானது. பிறகு மறுபடியும் வேகம். பிறகு நடுவில் ஒரு நொடி நின்றது. பிறகு முழுவதுமாகவே நின்றுவிட்டது.

“மேளத்தை நிப்பாட்டாதேங்கோ, உரு கலைஞ்சிடும்!” என்று ஒரு குரல்.

“கலையட்டும் அக்கா. உது உரு இல்லை.”

தவில் வாசித்துக்கொண்டிருந்த அண்ணை அதைத் தோளிலிருந்து கழற்றி நிலத்தில் வைத்துவிட்டு எழும்பி வந்தார். என் அண்ணனாக இருக்கக்கூடிய வயது. அதற்கு முன்னால் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நாயனம் ஊதியவர் தவில் துணை இல்லாமல் திகைத்துப்போய் ஊதிக்கொண்டிருந்தார்.

“உரு எண்டால் அடிக்கு அடி ஆடோணும். நான் காலத்தைக் கூட்டிக் குறைச்சு அடிச்சுப் பாத்தனான், நிப்பாட்டியும் பாத்தனான். இந்தப் பிள்ளை ஒருக்காலும் என்ரை தாளத்துக்கு வரேல்லை. தன்ரை பாட்டிலை நடுங்குது.”

இதை இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. அவர் செய்தது ஒரு சோதனை! உள்ளீட்டை மாற்றிப் பார்த்தார், வெளியீடு மாறவில்லை, ஆகவே இரண்டுக்கும் தொடர்பில்லை. நானும் வேலையில் இதைத்தான் செய்கிறேன். பூசைக்கு நடுவில், கைகள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, நூறு பேர் நம்பிய ஒன்றை ஒருவர் காதால் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

கிட்ட வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“தங்கச்சி, ஏதும் குளிசை எடுக்கிறனீரோ? மனம் அமர்த்திற மாதிரி?”

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

“எப்ப நிப்பாட்டினீர்?”

ஐந்து விரலைக் காட்டினேன். விரல்கள் நடுங்கியதில் எத்தனை என்று எண்ண அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

“அஞ்சு நாளோ? ஆரைக் கேட்டு?”

மூலஸ்தானத்தைப் பார்த்தேன்.

“முருகனைக் கேட்டோ? அவர் உந்த வேலைக்குப் படிக்கேல்லைத் தங்கச்சி, வாரும்” என்று சொல்லிவிட்டு, வெளியே நின்ற ஓட்டோவைக் கூப்பிட்டார்.

கூட்டத்தில் சிலருக்குக் கோபம். தெய்வத்தைத் தொடாதே என்று ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். பூசை முடியாமல் தவில்காரர் போகலாமா என்று இன்னொருவர். தவில் அண்ணை அம்மாவை மட்டும் பார்த்து, “அம்மா, நீங்களும் ஏறுங்கோ. இப்பவே போகோணும்” என்றார். அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறிவிட்டார்.

ஓட்டோவில் அவர் சாரதிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். தன் தம்பி ஒருவருக்கும் இப்படித்தான் நடந்தது என்றார். வருஷக்கணக்கில் எடுத்த குளிசையை ஒரே நாளில் விட்டிருக்கிறார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ இதே நடுக்கம், பிறகு கிணற்றடியில் வலிப்பு வந்து கிணற்றுச் சுவரில் தலை அடிபட்டு நெற்றியில் ஏழு தையல். “உள்ளுக்கை விழாமல் வெளியிலை விழுந்தான், அந்த மட்டுக்கும் சரி. என்ரை கை அண்டைக்கு அவனைப் பிடிச்சுக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் எனக்கு மறக்காது” என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “என்ன குளிசை? இரும்புச்சத்துக் குளிசையோ?”

“இல்லை அம்மா.”

“அப்ப?”

சொன்னேன். பஸ்ஸில் நடந்தது, கூரையில் நடந்தது, பதினைந்து மாதம், ஒன்றரைக் குளிசை, நாலு பாமசி. பட்டியல் மாதிரித்தான் சொன்னேன், வேறு விதமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்து, மேலே தன் கைகளை வைத்து அழுத்திக்கொண்டார். ரவுண் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை. “எனக்குச் சொல்லியிருக்கலாமே” என்று ஒரே ஒரு தரம் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் பார்த்தார். நெற்றியில் விபூதி, தலைவிரி கோலம், விரலில் தர்ப்பை, நடுங்கும் கை, பக்கத்தில் வேட்டி கட்டிய தவில் வித்துவான். அவர் எங்களைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வேன்! என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டதும் தொலைபேசியை எடுத்து அட்டவணையைக் காட்டினேன். மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார். முடிவே வரவில்லை.

“இவ்வளவு வடிவா எழுதி வைச்சிருக்கிறீர். இதைப் பாத்தும் உமக்கு விளங்கேல்லையோ?” என்றார்.

அன்றைக்கு வரைக்கும் யாரும் என்னிடம் கேட்டதிலேயே கஷ்டமான கேள்வி அதுதான்.

பிறகு அவர் சொன்னவை எனக்கு அப்படியே மனப்பாடம். இந்த வகைக் குளிசையை நெடுநாள் எடுத்தால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், நித்திரையின்மை, சிலருக்கு வலிப்பு, சிலவேளை உயிருக்கே ஆபத்து. பழகிப்போனது என் குணக்கேடு இல்லை, உடம்பின் இயல்பு. ஆனால் வெளியே வருவதென்றால் படிப்படியாகத்தான், டொக்டரின் கண்பார்வையில்தான். இப்போது முதல் வேலை, நிறுத்திய குளிசையை மறுபடியும் எடுப்பது.

மறுபடியும் எடுப்பதா! நான் அழுதேவிட்டேன். ஐந்து நாள் பட்ட பாடெல்லாம் வீண். அதோடு விரதம் வேறு. சங்கற்பம் செய்துவிட்டு முறிப்பதா என்று அம்மாவைப் பார்த்தேன். ஒரு சொட்டுப் பாலுக்கும் நேரம் பார்க்கிற அம்மா, தாதி தந்த தண்ணீர்க் கோப்பையை வாங்கித் தானே என் வாயில் வைத்தார். “குடி. முருகனோடை நான் கதைச்சுக்கொள்ளுறன்.”

சொன்னால் நம்புங்கள், அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்றிரவு வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த நாள் மத்தியானம் விட்டார்கள். அன்று பின்னேரம் சூரன்போர். வீட்டில் படுத்திரு என்றார் அம்மா, நான் கேட்கவில்லை. கோவிலுக்கு எதிரே மதிலோடு ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சூரனைத் தூக்கிக்கொண்டு இளைஞர்கள் முன்னும் பின்னும் ஓடுகிறார்கள், புழுதிக்குப் பதிலாகச் சேறு தெறிக்கிறது, ஒரு முகம் விழ இன்னொரு முகம் முளைக்கிறது, சனம் கத்துகிறது, தவில் இடிக்கிறது. கை இன்னும் லேசாக ஆடினாலும் உயிரோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நெஞ்சு துள்ளியது. எல்லாம் முடிந்து தவிலைத் தோளில் கொழுவிக்கொண்டு அந்த அண்ணை என்னைக் கடந்து போனார்.

“என்ன தங்கச்சி, இண்டைக்கு உரு இல்லையோ?” என்று கேட்டுவிட்டு நின்றார். பிறகு, “சூரனைக் கூட ஒரே அடியிலை விழுத்தேல்லை, பாத்தனீர்தானே. ஆறுதலாச் செய்யும்” என்றார்.

நன்றி சொல்ல எழும்பினேன். அதற்குள் கூட்டத்தில் போய்விட்டார்.

பிறகு தொடங்கியது உண்மையான வேலை. மாதம் ஒருதரம் ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக். கையில் கொப்பி, உட்கார நீண்ட மர வாங்கில் வரிசை. முதல் நாள் தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று குடையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவரும் அதையே செய்துகொண்டிருந்தார். இரண்டு குடையும் முட்டிக்கொண்டன.

குளிசையைக் குறைக்கும் அளவுகளை டொக்டர் எழுதித் தந்தார். அந்தக் கணக்கை இங்கே எழுதமாட்டேன். அது என் உடம்புக்குப் போட்டது, யாராவது பார்த்துத் தாங்களே செய்துவிடக் கூடாது. மிக மிகச் சிறிய படிகள், மொத்தம் எட்டு மாதம் என்பதை மட்டும் சொல்கிறேன். நான் பத்தாம் நாள் தூக்கி எறிந்த அந்த மெதுவான மருந்தை மறுபடியும் தொடங்கினார். பதற்றம் வரும்போது அதை எப்படிக் கடப்பது என்று பழக்க இன்னொரு உத்தியோகத்தரிடமும் அனுப்பினார். இரண்டாம் மாதம் எனக்குத் துணிவு வந்து, எட்டு மாதத்தை நாலாகக் குறைக்கலாம் என்று ஒரு வரைபடம் கீறிக் கொண்டுபோனேன். டொக்டர் அதைத் திருப்பித் தந்துவிட்டு, “இது கூரை வேலை இல்லை, ஒருத்தரும் உம்மை அவசரப்படுத்தேல்லை” என்றார்.

வேலையிடத்தில் முதலாளியிடம் போய் ஏழாவது வரியைப் பற்றிச் சொன்னேன். அவர் அதிகம் கதைக்கிறவர் இல்லை. “நீர் மேலை நிக்கேக்கை கீழை ரண்டு பெடியள் நிண்டவங்கள்” என்றார். அவ்வளவுதான். எட்டு மாதம் என்னைக் கூரை ஏறவிடவில்லை. அது சரியான தண்டனை. மேசையில் இருந்து வரைபடம் கீறினேன்.

எல்லாப் படியும் ஒன்றுபோல இருக்கவில்லை. சிலதைக் கவனிக்காமலே தாண்டினேன். மூன்றாம் மாதம் ஒரு படியில் பத்து நாள் நித்திரை போய், பழைய துண்டை எடுத்துக்கொண்டு பாமசிப் பக்கம் நடந்தேன். பாதி வழியில் அம்மாவுக்குப் போன் எடுத்து, “அம்மா, நான் இப்ப பாமசிக்குப் போறன்” என்றேன். “நில், நானும் வாறன்” என்றார். சைக்கிளில் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் பாமசியைத் தாண்டி நடந்து, ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம். துண்டை அவர் வாங்கித் தன் பைக்குள் வைத்தார், அதற்குப் பிறகு நான் அதைக் காணவில்லை.

அந்தப் பத்து நாள் முடிந்த கையோடு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு காலை பச்சைச் சேலை அம்மா எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ஓடி வருகிறார், கையில் லட்டுப் பெட்டி.

“தைக்குள்ளை எண்டனீங்கள், மார்கழியிலையே தந்திட்டான்!”

விசா வந்துவிட்டது! அவர் என் காலில் விழக் குனிந்தார். நான் பாய்ந்து பிடித்தேன். அந்த நேரம் சும்மா சிரித்துவிட்டு லட்டை வாங்கியிருக்கலாம், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் முடியவில்லை. உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு முருகன் வரவில்லை, குளிசையைத் திடீரென்று விட்டதால் வந்த நடுக்கம் அது, இப்போது கிளினிக்குக்குப் போகிறேன், விசா உங்கள் மகன் ஒழுங்காக விண்ணப்பித்ததால் வந்தது. வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். என் காது சூடாகிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. லட்டுப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

“அது என்ன குளிசை பிள்ளை? சின்னன், வட்டமோ?” என்றார். பிறகு, “நானும் ஒண்டு போடுறனான். நித்திரைக்கு. மூத்தவன் கனடாவுக்கெண்டு முதல்முறை வெளிக்கிட்ட நாள் தொடக்கம். எட்டு வருஷம். அண்டைக்கு உம்மைக் கண்டாப் பிறகு, உந்தப் பிள்ளையை மாதிரி நானும் விரதம் பிடிச்சு, அதோடை குளிசையையும் விடுவம் எண்டு நினைச்சு வைச்சிருக்கிறன். தைப்பூசத்துக்கு.”

“ஐயோ, நிப்பாட்டாதேங்கோ!” என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார்.

அடுத்த கிளினிக் நாளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். குடை பிடிக்கவில்லை. அவருக்கு எழுதிய படிகள் என்னுடையதை விட இன்னும் சின்னவை, இன்னும் நீண்டவை. அவர் இன்றைக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு படி இறங்கும்போதும் படலையில் நின்று எனக்கு விரலைக் காட்டுவார், இன்னும் எத்தனை மிச்சம் என்று.

நான் முடித்தது ஆனி மாதத்தில். சோளகக் காற்று தெருவெல்லாம் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. டொக்டர் கொப்பியில் அந்தக் குளிசையின் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். சின்னக் கோடு. எனக்கு எழும்பிக் கத்த வேண்டும் போலிருந்தது. கூரை ஏறும் வேலை திரும்பக் கிடைத்தது. முதல் நாள் ஏழாவது வரிக்கு நேரே சரி போடும்போது பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது.

இரண்டு கிழமை கழித்து, மானிப்பாயிலிருந்து வரும் பஸ்ஸில், அது வந்தது. அதே இடி, அதே விறைப்பு. பையில் குளிசை இல்லை, வீட்டிலும் இல்லை. பழகியபடி மூச்சை மெதுவாக்கினேன், காலைப் பஸ் தரையில் அழுத்தினேன். போதவில்லை. பக்கத்துச் சீட்டில் மரக்கறிக் கூடையோடு ஒரு அக்கா இருந்தார். முன்பின் தெரியாதவர். அவர் பக்கம் திரும்பினேன்.

“அக்கா, எனக்குக் கொஞ்சம் பதட்டமாக் கிடக்கு. வருத்தம் ஒண்டுமில்லை, கொஞ்சத்திலை போயிடும். அதுவரைக்கும் என்னோடை ஏதும் கதைச்சுக்கொண்டு வாறீங்களோ?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்னத்தைக் கதைக்கிறது?” என்றார்.

“என்னவெண்டாலும்.”

“எங்கடை ஆடு நேற்று மூண்டு குட்டி போட்டது” என்று தொடங்கினார். இரண்டு நல்லது, ஒன்று சோணி, தாய் அதை அண்டவிடுகிறதில்லை, தான் போத்தலில் பால் பருக்குகிறார், அதற்குள் மனுசன் விற்போம் என்கிறாராம், தான் விற்கவிடமாட்டாராம். பஸ் போய்க்கொண்டே இருந்தது. இடி ஒரு உச்சத்துக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, மெல்ல இறங்கியது. நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பிடம் போன பிறகுதான் கவனித்தேன். சோணிக் குட்டிக்கு என்ன ஆகும் என்ற கவலையில் எனக்கு என் நெஞ்சு மறந்துவிட்டிருந்தது.

பதற்றம் இன்றைக்கும் எப்போதாவது வருகிறது, இனியும் வரலாம். ஆனால் பதினைந்து மாதம் பெற்ற தாய்க்கே ஒளித்து வைத்த ஒன்றை, பெயர் தெரியாத ஒரு மனுஷியிடம் பட்டப்பகலில் வாய் திறந்து சொல்ல முடிந்ததே என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வந்தபோதுதான் நான் குணமாகிவிட்டேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.